தட்டின் அடியைத் திருப்பிப் படித்த பத்து ஆண்டுகள்

நூரம்பர்க்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் தனியாக வாழ்ந்துவந்த மூதாட்டி ஒருவர் 2015 ஆம் ஆண்டு முதியோர் இல்லத்துக்குப் போனார். அவருடைய மகன் வீட்டைக் காலி செய்த இரண்டு நாட்களும் மாடிப்படியின் கீழே அட்டைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன; வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார். அவற்றில் ஒரு பெட்டியில், பழைய செய்தித்தாளில் சுற்றிய ஆறு காப்பிக் கோப்பைகளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாசரும் ஒரு சிறிய கேக் தட்டும் இருந்தன. ஆனால் ஆறும் ஆறு விதம். ஒன்றில் அடர்நீலப் பட்டையும் தங்கக் கொடியும், ஒன்றில் ரோஜாக் கொத்து, ஒன்று முழுக்க வெள்ளை. ஆறு செட்டுகள் உடைந்தபின் மிஞ்சியவை போலும் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டு, அவற்றை மேலே எடுத்து வந்து, நீலக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி மணிபிளாண்ட் கொடி ஒன்றை வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து அலுவலகத் தோழி ஒருவர் வீட்டுக்கு வந்தபோது ஜன்னலோரத்தில் இருந்த அந்தக் கோப்பையைப் பார்த்துப் பதறிவிட்டார். அவை மிச்சசொச்சம் அல்ல என்றும், முதலிலிருந்தே ஒன்றோடொன்று சேராதபடி தேடித் தேடி வாங்கப்பட்டவை என்றும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஜெர்மானியர் இதை 'ஸாமல்டாஸே', அதாவது சேகரிப்புக் கோப்பை என்கிறார்கள். கோப்பை, சாசர், கேக் தட்டு மூன்றும் ஒரே வேலைப்பாட்டில் அமைந்த ஒரு தொகுதி. முழு செட்டு வாங்க வசதியில்லாத காலத்தில், பெண் பிள்ளைகளுக்குப் பிறந்தநாளுக்கும், திருச்சபையில் உறுதிபூசுதல் நடக்கும் நாளுக்கும், நிச்சயத்துக்கும் உறவினர் ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றாகச் சேர்ந்து, திருமணமாகும்போது கண்ணாடி அலமாரியில் ஒரு வரிசை நிரம்பியிருக்கும். நம் ஊரில் பெண்ணுக்கு எவர்சில்வர் பாத்திரம் சேர்த்துவைப்பதை நினைத்துக்கொண்டேன். மணிபிளாண்ட் அன்றே ஒரு ஜாம் பாட்டிலுக்கு இடம் மாறியது.

மனம் கேட்காமல் அடுத்த வாரம் அந்தக் கோப்பைகளைத் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனேன். திருப்பிக் கொடுப்பதுதான் என் நோக்கம். வைக்க இடமில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன அவர், ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, யார் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். நீலக் கோப்பை 1948 இல், அவருடைய பதினான்காம் வயதில், ஞானத்தாய் கொடுத்தது. ரோஜாக் கொத்தை எடுத்ததும் முகம் சுளித்து, இது மாமியார் கொடுத்தது, எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை, ஆனால் உடைக்கவும் துணிவில்லை என்றார். அன்று வீட்டுக்கு வந்து, அவர் சொன்னதையெல்லாம் சின்னத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, அந்தந்தக் கோப்பைக்குள் போட்டு வைத்தேன். அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. பொருளைக் கொடுப்பவரோ விற்பவரோ எதிரில் நிற்கும்போதே கேட்டு எழுதிவைக்காவிட்டால், பிறகு அந்தச் செய்தி எந்த நூலிலும் கிடைக்காது.

அன்று இரவு நீலக் கோப்பையைத் திருப்பி அடியைப் பார்த்தேன். பச்சை நிறத்தில் ஒரு தொழிற்சாலைச் சின்னம், அதன் கீழே 'பவேரியா', அதற்கும் கீழே 'ஜெர்மனி, யு.எஸ். ஸோன்' என்று அச்சாகியிருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஜெர்மனி நான்கு நாடுகளின் ஆட்சிப் பகுதிகளாகப் பிரிந்திருந்த 1945 க்கும் 1949 க்கும் இடையில், அமெரிக்கப் பகுதியில் செய்த பொருட்களில் இட்ட முத்திரை அது. மூதாட்டி சொன்ன 1948 உம் கோப்பையின் அடியில் இருந்த எழுத்தும் ஒன்றையொன்று சாட்சி சொன்னபோது எனக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. பாதி ஊர் இடிந்து கிடந்த நகரத்தில், உணவுக்கே பங்கீட்டு அட்டை இருந்த நாட்களில், ஒருத்தி தன் ஞானமகளுக்குத் தங்கக் கொடி போட்ட கோப்பையைத் தேடி வாங்கியிருக்கிறாள். நான் அதில் கொடி வளர்த்தேன்.

அன்றிலிருந்து, எங்கே தட்டைக் கண்டாலும் திருப்பிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. விருந்துக்குப் போன வீட்டில் சாப்பிடுமுன் அப்படிச் செய்து என் கணவரிடம் பேச்சும் வாங்கியிருக்கிறேன். அடியில் இருக்கும் நாட்டின் பெயர் காலத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கும். பிரிட்டன் 1887 இல் கொண்டுவந்த வணிகக் குறிச் சட்டம், அயல்நாட்டுச் சரக்கு தன் ஊர்ச் சரக்குபோல் விற்கப்படாமல் இருக்கப் பிறப்பிடத்தைக் காட்டும்படி செய்தது. ஜெர்மன் சரக்கை மட்டம் தட்ட வந்த 'மேட் இன் ஜெர்மனி' என்ற சொல்லே பின்னாளில் அந்தச் சரக்குக்குப் பெருமையானது. அமெரிக்காவும் 1891 முதல் இறக்குமதிப் பொருட்களில் நாட்டின் பெயரைக் கேட்டது. ஆகவே 'ஜெர்மனி' என்ற ஆங்கிலச் சொல் இருந்தால் பெரும்பாலும் அந்த ஆண்டுகளுக்குப் பிந்தியது என்று கொள்ளலாம். ஆனால் அந்தச் சொல் இல்லை என்பதற்காக அதற்கு முந்தியது என்று கொள்ளவே கூடாது. உள்நாட்டில் விற்றவற்றில் நாட்டின் பெயரைப் போட வேண்டிய தேவை இருந்ததில்லை. இந்த ஒரு நுணுக்கத்தை மறந்துவிட்டு 'நூறு ஆண்டுக்கு மேற்பட்டது' என்று கூவி விற்பவர்கள் சந்தையில் நிறைய. 'வெஸ்டர்ன் ஜெர்மனி' என்றிருந்தால் நாடு பிரிந்திருந்த காலம், 'ஜி.டி.ஆர்.' என்றிருந்தால் கிழக்கு ஜெர்மனி.

நிறமும் பேசும். பச்சையிலோ நீலத்திலோ மெருகுக்கு, அதாவது பாத்திரத்தின் மேலிருக்கும் கண்ணாடி போன்ற பூச்சுக்கு, அடியில் பதிந்திருப்பது, வெள்ளைப் பாத்திரத்தைச் செய்த ஆலையின் முத்திரை. சில வேளை அதன் பக்கத்தில், மெருகுக்கு மேலே, தங்கத்திலோ சிவப்பிலோ இன்னொரு முத்திரை இருக்கும். அது வெள்ளைப் பாத்திரத்தை வாங்கி ஓவியம் தீட்டி விற்ற பட்டறையினுடையது. கையால் எழுதிய சிறு எண்கள் வடிவத்தையோ, வேலைப்பாட்டையோ, தீட்டியவரையோ குறிக்கும். மெருகுக்கு மேலே இருக்கும் முத்திரையைப் பிற்காலத்தில் யாரும் சேர்க்க முடியும் என்பதால், அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். நகத்தால் மெல்லத் தடவினாலே மேலே இருக்கிறதா அடியில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டபின் நான் ஏமாந்தேன் என்பதுதான் வேடிக்கை. நூரம்பர்க்கின் பழைய நகரத்தில் ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும், 'ட்ரெம்பல்மார்க்ட்' என்ற பழம்பொருள் சந்தை கூடும். அங்கே ஒரு மேசையில் நீலமும் வெள்ளையுமான ஆறு தட்டுகளைக் கண்டேன். 'ட்ஸ்வீபல்முஸ்டர்', வெங்காய வேலைப்பாடு என்று பெயர் பெற்றது. சாக்சனி மாநிலத்தின் மைஸன் ஆலையில் 1740 வாக்கில், சீனத்துப் பாத்திரங்களைப் பார்த்து உருவாக்கியது. உண்மையில் அதில் வெங்காயமே கிடையாது. விளிம்பில் இருப்பவை மாதுளையும் பீச் பழமும். அவற்றைக் கண்டறியாத ஜெர்மானியர் தமக்குத் தெரிந்த காய்க்கு ஒப்பிட்டார்கள். தட்டைத் திருப்பினேன், ஒரு நீள்வட்டத்துக்குள் 'மைஸன்' என்று தெளிவாக எழுதியிருந்தது. ஆறுக்கும் சேர்த்து 120 யூரோ கேட்டார்கள். பேரம் பேசினால் கை நழுவிவிடுமோ என்ற அச்சத்தில், கேட்டதைக் கொடுத்துவிட்டு, ஏறக்குறைய ஓட்டமாக வீடு வந்து சேர்ந்தேன்.

மைஸன் என்பது ஊரின் பெயரும்கூட என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. உயர்ந்த சூட்டில் சுட்டு, நீரை உறிஞ்சாதபடி இறுகிய கடும்பீங்கானைச் செய்த ஐரோப்பாவின் முதல் ஆலை 1710 இல் அந்த ஊரின் அல்பிரெக்ட்ஸ்புர்க் கோட்டையில் தொடங்கியது. அதன் முத்திரை, சாக்சனியின் அரசுச் சின்னத்திலிருந்து எடுத்த, ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்ட இரு நீல வாள்கள். அந்த ஆலை ஊரின் பெயரை அல்லாமல் வாள்களையே 1720 களிலிருந்து தன் அடையாளமாகக் கொண்டிருக்கிறது. வெங்காய வேலைப்பாட்டைப் பின்னாளில் எத்தனையோ ஆலைகள் பார்த்துச் செய்யத் தொடங்கிய பிறகு, 1888 முதல் தட்டின் முகப்பிலேயே, அந்த வேலைப்பாட்டில் வரும் மூங்கில் தண்டின் அடியில், சிறிய வாள்களை வரையவும் தொடங்கினார்கள். நான் வாங்கியவை அதே ஊரில் இருந்த வேறோர் ஆலையின் படைப்புகள். விற்றவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. மைஸன் என்றுதான் சொன்னார். தட்டுகள் அழகானவை, இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் இட்லி அவற்றில்தான். ஆனால் அவற்றின் விலை நான் கொடுத்ததில் கால் பங்குக்குமேல் போகாது.

வாள்கள் இருந்தாலும் அவற்றின் குறுக்கே மெருகைக் கீறிய கோடுகள் உண்டா என்று பார்க்க வேண்டும். கோடுகளின் எண்ணிக்கைக்கும் இடத்துக்கும் காலத்துக்குக் காலம் பொருள் வேறுபடும். ஆனால் கோடு இருந்தால், அது முதல் தரத்தில் தேறாததாகவோ, ஓவியம் தீட்டாமல் வெள்ளையாக ஆலையை விட்டு வெளியேறியதாகவோ இருக்கும் என்று கொண்டு விலை பேசலாம். வேறு பல ஆலைகளும் தங்கள் இரண்டாம் தரப் பாத்திரங்களில் முத்திரையின் மேல் இப்படிக் கீறியிருக்கின்றன. அன்றாடம் புழங்க வாங்குபவருக்கு அந்தக் கீறல் ஒரு வரம். விலை பாதியாகும், சாம்பாருக்கு வித்தியாசம் தெரியாது.

ஆறு தட்டுக்கு 120 யூரோ கொடுத்த கதையைக் கேட்ட என் யாழ்ப்பாணத்துத் தோழி, "அக்கா, உங்களுக்குப் பீங்கான் விசர் பிடிச்சிட்டுது" என்றார். விசர் என்றால் பித்து. அவர் அறியாமல் சொன்னாலும் அந்த நோய்க்கு வரலாறு உண்டு. மைஸன் ஆலையைத் தொடங்கிய சாக்சனியின் ஆட்சியாளர் அகுஸ்டுஸ், தமக்குப் பீங்கான் நோய் என்று தாமே சொல்லிக்கொண்டவர். 1717 இல் தம் படையின் 600 குதிரை வீரர்களைப் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக 151 சீனப் பீங்கான் கலங்களை வாங்கினார். அவற்றில் பெரிய ஜாடிகள் ட்ரெஸ்டனின் ஸ்விங்கர் மாளிகையில் இன்றும் குதிரைவீரர் ஜாடிகள் என்ற பெயருடன் நிற்கின்றன. அவற்றின் முன் நின்றபோது, 120 யூரோவோடு போயிற்றே என்று ஆறுதல் கொண்டேன்.

ஏமாந்த பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொள்ள நினைத்து, ரயிலேறி ஸெல்ப் ஊருக்குப் போனேன். செக் எல்லைக்கருகில், ஃபிக்டல் மலைப்பகுதியில் உள்ள சிற்றூர். 1856 இல் பெரும் தீயில் ஊர் அழிந்து, மக்கள் வேலையின்றித் தவித்தபோது, அடுத்த ஆண்டே லோரன்ஸ் ஹுட்ஷென்ராய்தர் அங்கு ஒரு பீங்கான் ஆலையைத் தொடங்கினார். அவருடைய தந்தை காரோலுஸ் மாக்னுஸ் ஏற்கெனவே 1814 இல் பக்கத்து ஊரான ஹோஹன்பெர்க்கில் தொடங்கியிருந்தார். தந்தை பெயரிலும் மகன் பெயரிலும் இரண்டு தனி ஆலைகள் 1969 வரை ஓடின என்பதை அறியாமல், ஹுட்ஷென்ராய்தர் என்ற பெயரை மட்டும் பார்த்துத் துணைத் தட்டுகள் வாங்கினால் வடிவம் சேராமல் போகும். அந்தப் பாடத்துக்கு நான் இரண்டு சாசர் விலை கொடுத்தேன். 1879 இல் பிலிப் ரோசன்டால் ஸெல்ப்பின் அருகே எர்க்கர்ஸ்ரொய்ட் மாளிகையில், வெள்ளைப் பாத்திரங்களை வாங்கி ஓவியம் தீட்டும் பட்டறையாகத் தொடங்கியதே பின்னாளில் உலகப் பெயர் பெற்ற நிறுவனமானது. யூத வழிவந்தவர் என்பதால் நாஜிகள் காலத்தில் 1934 இல் அவர் தம் சொந்த நிறுவனத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். 1937 இல் இறந்தார். போருக்குப் பின் அவருடைய மகன் திரும்பிவந்து, 1960 களில் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியுஸ் போன்றவர்களை அழைத்து, பாத்திரங்களையும் ஓர் ஆலைக் கட்டடத்தையும் வடிவமைக்கச் செய்தார்.

ஸெல்ப்பின் பழைய ஆலையொன்று இப்போது 'போர்ட்ஸெலானிகோன்' என்ற அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே ஒரு கோப்பையை இரண்டு நிலைகளில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகுதான் எனக்குப் பல விஷயங்கள் துலங்கின: வார்ப்பிலிருந்து எடுத்த ஈரக் கோப்பை பெரிது, சுட்டு முடித்தது அதன் சிறிய தங்கை போல ஆறில் ஒரு பங்கு சுருங்கியிருந்தது. கயோலின் என்னும் வெண்களிமண் ஏறக்குறையப் பாதி, மீதி ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும். முதலில் 900, 1000 டிகிரியில் ஒருமுறை சுட்டு, மெருகுக் கரைசலில் தோய்த்து, பின் 1400 டிகிரி அளவில் மறுமுறை சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் மண்ணும் மெருகும் ஒன்றோடொன்று உருகிப் பிணைகின்றன. கோபால்ட் நீலம் போன்ற ஒருசில நிறங்களே அந்தச் சூட்டைத் தாங்கும் என்பதால் அவை மெருகுக்கு அடியில் போகின்றன. ரோஜாவும் தங்கமும் எல்லாம் முடிந்தபிறகு மேலே தீட்டி, 800 டிகிரியை ஒட்டிய குறைந்த சூட்டில் பதிக்கப்படுகின்றன. தமிழில் நாம் ஊறுகாய் ஜாடி முதல் கழிவறைத் தொட்டிவரை எல்லாவற்றையும் பீங்கான் என்றே சொல்லிவிடுவதால், எனக்கு இந்த வேறுபாடு மனத்தில் பதிய நாளாயிற்று. ஜெர்மானியர் 'ஸ்டைன்குட்' என்று பிரித்துச் சொல்லும் மண்கலம் நீரை உறிஞ்சும், நாளடைவில் மெருகில் வலைபோல் வெடிப்பு விடும். கடும்பீங்கானில் அது அரிது.

அங்கேயே எனக்கு ஒரு முடிவும் பிறந்தது. அதுவரை கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தேன். இனி ஸாமல்டாஸே கோப்பைகள் எத்தனை விதமானாலும் சேரட்டும். தட்டுகளுக்கு ஒரே வடிவம் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். நான் தேர்ந்தது ஆர்ட்ஸ்பெர்க் ஆலையின் 1382 என்ற வடிவம். ஹெர்மன் கிரெட்ஷ் என்பவர் 1931 இல் வரைந்தது. பூவோ தங்கமோ இல்லாத வழுவழுப்பான வெள்ளை. அதன் சூப் தட்டு சற்றுக் குழிந்து, அகலமான விளிம்போடு இருக்கும். ரசம் சாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான பாத்திரத்தை நான் கண்டதில்லை. இது தவிர, முதல் உலகப் போர்க் காலத்தில் ரோசன்டால் தம் மனைவியின் பெயரால் வெளியிட்ட, மாதுளைப் புடைப்பு விளிம்பு கொண்ட 'மரியா' வடிவத்தின் மீதும் ஆசை உண்டு. அதில் ஆறு தட்டோடு கையைக் கட்டிக்கொண்டேன்.

ஜெர்மன் மேசைப் பாத்திரங்களுக்கு வடிவப் பெயர் வேறு, வேலைப்பாட்டுப் பெயர் வேறு. ஒரே வடிவம் இருபது வேலைப்பாடுகளில் வந்திருக்கலாம். தேடும்போது இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டும். வெள்ளைதானே என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்யப்பட்ட வடிவங்களில் ஒரு காலத்து வெள்ளையில் சற்று நீலமும் இன்னொரு காலத்து வெள்ளையில் சற்றுச் சாம்பலும் ஓடும். படத்தில் அது தெரியாது. என் கைப்பையில் எப்போதும் 1382 இன் சாசர் ஒன்று துணிப்பையில் இருக்கிறது. வாங்கப்போகும் தட்டின்மேல் அதை வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே பணத்தை எடுக்கிறேன்.

வாங்கும்போது நான் செய்வதைச் சொல்கிறேன். தட்டை விரல் நுனிகளில் தாங்கி, விளிம்பை நகத்தால் சுண்டுவேன். நல்ல பீங்கான் மணிபோல் ஒலித்து, ஒலி சற்று நீளும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தாலும் சத்தம் 'தொப்'பென்று அமுங்கிவிடும். அடுக்கி வைத்த தட்டைச் சுண்டிப் பயனில்லை. பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்னால் கையை வைத்தால், மெல்லிய இடத்தில் விரல்களின் நிழல் தெரிய வேண்டும், மண்கலத்தில் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுவேன், ஏனென்றால் சிறு சில்லு பெயர்ந்த இடத்தைக் கண் தவறவிடும், விரல் தவறவிடாது. கோப்பையில் கைப்பிடி ஒட்டும் இரண்டு இடங்களையும், கெண்டியில் மூக்கின் நுனியையும் மூடியின் உள் விளிம்பையும் பார்க்காமல் வாங்குவதில்லை.

ஒருமுறை அப்படிப் பார்த்தும் தப்பியது. மூடியோடு கூடிய பெரிய சூப் பாத்திரம் ஒன்றை, ஒரு வீட்டைக் காலி செய்யும் விற்பனையில் 35 யூரோவுக்கு வாங்கினேன். பளிச்சென்று இருந்தது. வீட்டில் வெந்நீரில் கழுவியபோது கைப்பிடியின் ஓரம் சற்றே மஞ்சளித்து, ஒட்டுப்பசை மென்மையாகி, கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. யாரோ நேர்த்தியாக ஒட்டி, மேலே வெள்ளை வண்ணம் பூசியிருந்தார்கள். அதன்பின் புற ஊதா ஒளி தரும் சிறிய கைவிளக்கு ஒன்று வாங்கினேன். விலை பத்து யூரோ. இருட்டில் அதை அடித்துக் காட்டினால், ஒட்டிய பசையும் பூசிய இடமும் பெரும்பாலும் சுற்றியுள்ள பீங்கானிலிருந்து மாறுபட்டு ஒளிரும். மேசை விரிப்புக்கு அடியில் தலையை நுழைத்து விளக்கடித்துப் பார்க்கும் என்னைச் சந்தையில் சிலர் விநோதமாகப் பார்ப்பதுண்டு. விளக்கு இல்லாவிட்டால் ஒட்டியதாகத் தோன்றும் இடத்தைப் பல்லால் மெல்லத் தட்டிப் பாருங்கள்; பீங்கான் கணீரென்று கடினமாக இருக்கும், பூச்சு சற்று மெத்தென்றிருக்கும்.

புழங்குவதில் முதல் விதி தங்கத்தைப் பற்றியது. தங்க விளிம்புள்ளது எதுவும் மைக்ரோவேவில் போகக் கூடாது. பொறி பறக்கும், தங்கமும் கருகும். மெருகுக்கு மேலே தீட்டிய பூக்களும் தங்கமும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் சிறிது சிறிதாகத் தேய்ந்துபோகும். கையால், வெதுவெதுப்பான நீரில், தொட்டியின் அடியில் ஒரு துண்டை விரித்துக் கழுவுவதே வழி. மெருகுக்கு அடியில் நீலம் போட்டதும் வெறும் வெள்ளையும் இயந்திரத்தைத் தாங்கும். பழைய தட்டுகளின் நடுவே பென்சிலால் கிறுக்கியதுபோல் சாம்பல் கோடுகள் தெரிந்தால் பயந்து விட்டுவிட வேண்டாம். அவை பெரும்பாலும் கீறல்கள் அல்ல. கத்தியும் முள்கரண்டியும் விட்டுச் சென்ற உலோகத் தடங்கள். சமையல் சோடாவைக் குழைத்து, தங்கத்தைத் தொடாமல் தேய்த்தால் போய்விடும். இந்தக் கோடுகளைக் காட்டியே நான் விலை குறைத்து வாங்கிய தட்டுகள் பல. கெண்டியின் உள்ளே படிந்த ஐம்பதாண்டுக் காப்பிக் கறைக்குப் பல்செட் கழுவும் மாத்திரை இரண்டை வெந்நீரில் போட்டு இரவு முழுவதும் வைத்தால் போதும். இது கீழ்வீட்டு மூதாட்டி சொன்ன வைத்தியம்.

நம் சமையலுக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மஞ்சள் தூள் கடும்பீங்கானை ஒன்றும் செய்யாது. ஆனால் வெடிப்பு விட்ட மண்கலத்தில் சாம்பார் ஊற்றினால், அடுத்த நாள் அந்த வெடிப்பு வலை முழுதும் மஞ்சள் நரம்புகளாகத் தெரியும், பிறகு போகவே போகாது. இன்னொன்று புளி. மெருகுக்கு மேலே தீட்டிய பழைய வண்ணங்களில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம். புளிப்பான உணவு அவற்றை மெல்லக் கரைக்கும். உணவுப் பாத்திரங்களிலிருந்து இவை கசிவதற்கு ஐரோப்பியச் சமூகம் பொது வரம்பு விதித்தது 1984 இல்தான். ஆகவே உணவு படும் இடத்தில் வண்ணம் உள்ள பழைய தட்டுகளில் புளிக்குழம்போ எலுமிச்சை ஊறுகாயோ வைப்பதில்லை. அவற்றில் கேக், முறுக்கு போன்ற உலர்ந்த பண்டங்கள்தான். குழந்தைகளுக்கு வெறும் வெள்ளைத் தட்டு மட்டும்.

அடுக்கும்போது தட்டுகளுக்கு இடையில் காகிதக் கைத்துண்டு ஒன்றை வைப்பது அவசியம். தட்டின் அடிவளையம் மெருகில்லாமல் உப்புத்தாள்போல் இருப்பதால் கீழே இருக்கும் தட்டைச் சுரண்டும். பெட்டியில் கட்டும்போது தட்டுகளைப் படுக்கவைக்காமல் இசைத்தட்டுகளைப் போல் நிமிர்த்தி வைக்க வேண்டும். தபாலில் வாங்கினால், இப்படிக் கட்டி அனுப்ப முடியுமா என்று விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவேன். சரியென்று எழுதித் தராதவரிடம் வாங்குவதில்லை.

விலையைப் பற்றிச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆறு பேருக்கான 21 உருப்படிகள் கொண்ட காப்பி செட்டு, அதாவது கோப்பை, சாசர், கேக் தட்டு ஆறாறு, கெண்டி, பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம், எல்லாம் சேர்த்து 20, 30 யூரோவுக்கு எத்தனையோ முறை கிடைத்திருக்கிறது. இவற்றை வாங்கிச் சேர்த்த தலைமுறை விடைபெறும்போது வீடுதோறும் ஒரு செட்டு வெளியே வருகிறது. பிள்ளைகளுக்கோ அலமாரியும் இல்லை, கையால் கழுவப் பொறுமையும் இல்லை. லாபம் பார்த்து விற்கலாம் என்று சேகரிப்பவர் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது. பயன்படுத்த ஆசைப்படுபவருக்கு இதைவிட நல்ல காலம் வந்ததில்லை.

இந்த வெளியேற்றத்தின் உச்சத்தை ஒரு திருமணத்தில் பார்த்தேன். ஜெர்மனியில் கல்யாணத்துக்கு முந்தைய இரவில் 'போல்ட்டர்ஆபெண்ட்' என்று ஒரு வழக்கம்: விருந்தினர் பழைய தட்டு, கோப்பைகளை வாசலில் போட்டு உடைப்பார்கள், மணமக்கள் இருவரும் சேர்ந்து கூட்டிப் பெருக்க வேண்டும். ஓடு உடைந்தால் நல்லது நடக்கும் என்பது நம்பிக்கை. கண்ணாடியை மட்டும் உடைக்கக் கூடாது. நான் முன்னெச்சரிக்கையாகக் கடையில் வாங்கிய மலிவான தட்டுகள் நான்குடன் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற மணமகனின் பெரியம்மா கூடையிலிருந்து ஒரு தட்டை ஓங்கியபோது, விளிம்பில் மாதுளைப் புடைப்பு கண்ணில் பட்டது. கையைப் பிடித்துவிட்டேன். உடைப்பதற்குத்தானே கொண்டுவந்தேன் என்று அவர் திகைத்தார். என் நான்கையும் கொடுத்து அவருடைய மூன்றை வாங்கிக்கொண்டேன். ஒன்று கூடுதலாக உடைக்கக் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சிதான். என் 'மரியா' தட்டுகள் ஆறு என்ற கட்டுப்பாடு அன்றிரவு ஒன்பதாக மீறப்பட்டது.

இப்போது என் தேடல் ஒரு மூடிக்காக. 1382 காப்பிக் கெண்டியின் மூடியை மூன்றாண்டுக்கு முன் நானே தொட்டியில் நழுவவிட்டு உடைத்தேன். மூடி மட்டும் விற்பவர்கள் மிகக் குறைவு. கெண்டிகளில் முதலில் உடைவதே மூடிதான் என்பதால் எல்லோருக்கும் அதுதான் வேண்டும். போதாததற்கு, சுடும்போது சுருங்குவதில் உள்ள சிறு வேறுபாட்டால், அதே வடிவத்தின் மூடியும் ஒரு கெண்டியில் இறுகும், இன்னொன்றில் ஆடும். இருமுறை தபாலில் வந்தவை உட்காரவில்லை. கடைசியில் போன இலையுதிர்காலச் சந்தையில் 15 யூரோ கொடுத்து, மூடியுடன் முழுக் கெண்டியையே வாங்கிவிட்டேன். அதன் மூடி பழைய கெண்டியில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்தேன், ஆடுகிறது. பழையது அடுப்புக்குப் பக்கத்தில் மரக்கரண்டிகளைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. புதியதற்குள் சீட்டு போட்டாயிற்று.